ஓட்டோ செயலி என் கணக்கை முடக்கியபோது நான் செய்தவை

போன சீசனில் நான் ஓடிக்கொண்டிருந்த செயலி என் சாரதிக் கணக்கை ஒரே இரவில் முடக்கியது. அதைத் திரும்ப வாங்க ஒரு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது. அந்த மாதம் முழுக்க, இதை ஏற்கெனவே அனுபவித்த யாராவது தமிழில் எழுதி வைத்திருக்கமாட்டார்களா என்று போனில் தேடிக்கொண்டே இருந்தேன். ஆங்கிலத்தில் அமெரிக்கச் சாரதிகள் பேசுகிற வீடியோக்கள் நிறைய இருந்தன, ஆனால் அவர்கள் சொல்கிற அலுவலகமும் சட்டமும் இங்கே இல்லை. அதனால்தான் நானே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நீங்கள் எந்தச் செயலியில் ஓடினாலும் முடக்குகிற விதமும் முறையிடுகிற விதமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் ஓட்டோ லீசிங்கில் எடுத்தது, வீடு பாலையூற்றில். திருகோணமலையில் இந்தத் தொழில் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடாது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரைக்கும் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கி இருக்கும், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறைகள் நிரம்பும், புறாமலைக்குப் படகு ஓடும், கோணேசர் கோவிலுக்குச் சனம் வந்துகொண்டே இருக்கும். கார்த்திகை மழை பிடித்தால் அதெல்லாம் குறைந்துவிடும், ஆனால் லீசிங் கட்டுகிற திகதி தள்ளிப்போகாது. சீசனில் உழைக்கிற காசில்தான் மிச்ச மாதங்களையும் ஓட்ட வேண்டும். ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் ஸ்டான்டில் இடம் உள்ளவர்கள் வரிசையில் நின்று ஹயர் எடுப்பார்கள், வெளியாள் அங்கே நின்று ஆள் ஏற்ற முடியாது. அது அவர்களுடைய பிழைப்பு, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஸ்டான்டில் இடம் இல்லாத எனக்குச் செயலிதான் ஸ்டான்ட். கணக்குப் போனால் வண்டி வாசலில் நிற்கும், வேலை இருக்காது.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு மூன்று தரம் டயலிசிஸ் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் போல மெஷினில் படுத்திருப்பார், முடிந்து வரும்போது நடக்கவே ஏலாது, கையைப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். மகள் கனடாவில். அவர் அங்கிருந்தே செயலியில் தகப்பனுக்கு ஓட்டோ பிடித்து, தன்னுடைய கார்டில் காசு கட்டுவார். ஆரம்பத்தில் யார் யாரோ வந்தார்கள், சிலர் வாசலில் ஹோன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆள் வரச் சுணங்கினால் கான்சல் பண்ணிவிட்டுப் போனார்கள். ஒருநாள் எனக்கு அந்த ஹயர் விழுந்தது, நான் உள்ளே போய் மாஸ்டரைக் கூட்டிவந்து ஏற்றினேன். அதற்குப் பிறகு மகள் வட்ஸ்அப்பில் "அண்ணா, நாளைக்கு விடிய ஆறு மணிக்கு அப்பாவின்ர வீட்டடியில நிற்க ஏலுமா, நான் புக் பண்ணுறன்" என்று கேட்பார். நான் போய் நிற்பேன், கிட்ட நிற்கிற வண்டி என்றபடியால் செயலி எனக்கே ஹயரைத் தரும். நிறுவனத்துக்குப் போக வேண்டிய கொமிஷன் ஒழுங்காகப் போனது. நேரே காசு தரட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டபோதும் வேண்டாம் தங்கச்சி, செயலியில் போட்டால் அப்பா எங்கே போகிறார் என்று உங்களுக்கு மேப்பில் தெரியும் என்றுதான் சொன்னேன்.

ஆனால் செயலிக்குப் பின்னால் இருக்கிற கணினிக்கு மாஸ்டரைத் தெரியாது. அது பார்த்ததெல்லாம் ஒரே பயணி, ஒரே சாரதி, ஒரே பாதை, குறுகிய தூரம், திரும்பத் திரும்ப, அதுவும் புக் பண்ணுகிற போன் வேறு நாட்டில். போனஸ் எடுப்பதற்காகச் சாரதியும் தெரிந்தவரும் சேர்ந்து போலி ஹயர் ஓடுவது எல்லா நாட்டிலும் நடக்கிற களவு, அதைப் பிடிக்க வைத்த பொறியில் ஒரு நோயாளியை ஏற்றிப்போன நான் விழுந்தேன். இந்த விளக்கம்கூட எனக்குக் கடைசியில்தான் கிடைத்தது. அன்றைக்கு வந்தது ஒரு ஆங்கில மெசேஜ் மட்டும். மோசடியான செயற்பாடு காணப்பட்டதால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டுள்ளது, அவ்வளவுதான். எந்த ஹயர், எந்தத் திகதி, யார் சொன்னார்கள், ஒன்றும் இல்லை. நெட்வேர்க் பிழை என்று நினைத்துப் போனை நிறுத்திப் போட்டேன், செயலியை அழித்துத் திரும்ப இறக்கினேன், அதே பக்கம்தான் வந்தது. மோசடி என்ற சொல்லை மனைவிக்கு வாசித்துக் காட்டவே எனக்கு வாய் வரவில்லை. களவெடுக்காதவனைக் கள்ளன் என்று ஒரு மெஷின் சொல்லிவிட்டுப் போகிறது, திருப்பிச் சண்டை பிடிக்கக்கூட முன்னால் ஆள் இல்லை.

இங்கே முதலாவது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். என் கணக்கை முடக்கியவுடன் ஓடிய ஹயர் விபரம், உழைத்த காசின் கணக்கு, ரேட்டிங், பயணிகள் எழுதிய நல்ல வார்த்தைகள், வாலட்டில் கிடந்த காசு எல்லாம் சேர்ந்து பூட்டுப்பட்டன. நான் நிரபராதி என்று காட்டுவதற்கு வேண்டிய அத்தனையும் என்னைக் குற்றம் சொன்னவனின் பெட்டிக்குள் இருந்தது. ஆகவே கணக்கு நல்லபடி ஓடுகிறபோதே ஆதாரத்தை வெளியே எடுத்து வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஹயர் பட்டியலையும் வருமானப் பக்கத்தையும் ரேட்டிங்கையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மனைவியின் போனுக்கோ ஈமெயிலுக்கோ அனுப்பிவிட்டால் போதும். உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் தொலைந்தால் அதுவும் போகும். நிறுவனத்தோடு பதிவு செய்தபோது கொடுத்த ஈமெயில் முகவரி எது, அதன் பாஸ்வேர்ட் என்ன என்பதையும் இன்றைக்கே பாருங்கள். எத்தனையோ பேருக்கு அந்த ஈமெயிலைத் திறந்து கொடுத்தவன் போன் கடைப் பெடியன், பாஸ்வேர்ட் அவனுக்குத்தான் தெரியும். முறையீட்டுக்குப் பதில் அந்த முகவரிக்குத்தான் வரும்.

அப்புறம் ஹொட்லைனுக்கு எடுத்தேன். நீண்ட நேரம் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்துவிட்டு, ஒரு பிள்ளை சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவருக்கும் காரணம் தெரியவில்லை. முடக்குகிற பிரிவு வேறு, அவர்களோடு போனில் பேச முடியாது, ஈமெயில் போடுங்கள் என்றார். அங்கேயும் ஒரு பாடம் இருக்கிறது, போனில் பேசுகிறவரைத் திட்டிப் பயனில்லை, கணக்கைத் திறக்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. அவரிடமிருந்து வாங்க வேண்டியது முறைப்பாட்டு இலக்கம், பேசியவரின் பெயர், எந்த முகவரிக்கு எழுத வேண்டும், இந்த மூன்றும்தான். நான் அதை நாள், நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதினேன். பிறகு அந்தக் கொப்பிதான் என்னைக் காப்பாற்றியது.

ஈமெயில் போட்டேன். தானாக வருகிற பதில் வந்தது. திரும்பப் போட்டேன், முடிவு மீளாய்வு செய்யப்பட்டது, மாற்றமில்லை என்று வந்தது. அனுப்பிக் கொஞ்ச நேரத்திலேயே வந்த பதில் அது, ஒரு மனிதன் அதற்குள் வாசித்திருக்க வழியே இல்லை. அன்றைக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. லீசிங் மாதம் முப்பதாயிரத்துக்குச் சற்றுக் கூட, அதுவும் கட்டுகிற கிழமை. வாலட்டில் கிடந்த காசை எடுத்திருந்தால் பாதியாவது கட்டியிருப்பேன். கடைசியில் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழற்றித் தந்தாள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. பிள்ளைகளுக்கு ரியூஷன் காசு தள்ளிப்போனது. உப்புவெளிப் பக்கம் தெரிந்த கெஸ்ட் ஹவுஸ் அண்ணை ஒருவர் தன்னிடம் தங்குகிற ஆட்களைக் கன்னியாவுக்கும் கோட்டைக்கும் கூட்டிப்போகத் தந்த ஹயரில்தான் அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது. இன்றைக்கும் உங்களுக்கு என் யோசனை இதுதான், செயலியில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இரண்டு மூன்று கெஸ்ட் ஹவுஸ், ஒரு பள்ளிக்கூட ஹயர், ஒரு கடைக்காரர் என்று வெளியே சில கதவுகளைத் திறந்தே வையுங்கள். வாலட்டிலும் காசைச் சேரவிடாதீர்கள், எடுக்கக்கூடிய ஒவ்வொரு முறையும் வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கணக்குப் போன செய்தி பரவினவுடன் உதவி என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தம்பியின் அடையாள அட்டையில் புதுக் கணக்குத் திற என்றார் ஒருவர். தன்னுடைய கணக்கைக் கிழமை வாடகைக்குத் தருகிறேன் என்றார் இன்னொருவர். கம்பனிக்குள்ளே ஆள் இருக்கிறது, காசு தந்தால் திறந்து தருவோம், போனுக்கு வருகிற ஓடிபியை மட்டும் சொல்லு என்று மூன்றாவது ஒருவர். மூன்றும் குழி. இரண்டாவது கணக்குத் திறந்தால் அதே போன், அதே வண்டி இலக்கம், அதே முகம் என்று கணினி உடனே பிடிக்கும், அதற்குப் பிறகு உங்கள் முதல் முறையீட்டில் நீங்கள் சொல்கிற எதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். வாடகைக் கணக்கில் ஓடும்போது ஒரு விபத்து நடந்தால் பயணியின் போனில் இருக்கிற பெயரும் படமும் வேறு ஆளுடையது, பொலிஸுக்கு என்ன சொல்வீர்கள்? ஓடிபி கேட்கிறவன் முழுக் கள்ளன். கையில் காசில்லாத நேரத்தில் இதெல்லாம் நியாயமாகத் தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

மாஸ்டரின் மகளுக்கு விசயத்தைச் சொன்னது நான் இல்லை, மாஸ்டர்தான். அடுத்த டயலிசிஸுக்கு நான் வராதது அவருக்கு விளங்கிவிட்டது. அன்று இரவே மகள் எடுத்துப் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்ன ஒரு விசயத்தில் எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு ஹயர் முடிந்ததும் பயணியின் ஈமெயிலுக்கு ரசீது போகும், அதில் திகதி, நேரம், ஏறிய இடம், இறங்கிய இடம், சாரதி பெயர், கட்டிய காசு எல்லாம் இருக்கும். என் பக்கம் பூட்டிக் கிடந்த அத்தனையும் அவருடைய ஈமெயிலில் திறந்து கிடந்தது! அவர் எல்லாவற்றையும் எனக்கு அனுப்பினார், கார்டில் காசு கழிந்த வங்கிக் கணக்கையும் அனுப்பினார். மாஸ்டரின் கிளினிக் கொப்பியில் ஒவ்வொரு டயலிசிஸ் திகதியும் குறித்திருக்கிறது, அதைப் படம் எடுத்தேன். பிறகு கொப்பித் தாளில் மூன்று நிரல் போட்டு, ஹயர் ஓடிய திகதி, கிளினிக் கொப்பியில் உள்ள திகதி, ரசீதில் உள்ள தொகை என்று வரிசையாக எழுதினேன். எல்லாத் திகதியும் பொருந்தியது. கிராம சேவகரிடம் போய் மாஸ்டர் இன்னார், இந்த முகவரியில் இருக்கிறார் என்று ஒரு கடிதமும் எடுத்தேன். உங்கள் மேல் வருகிற குற்றச்சாட்டு வேறாக இருக்கலாம், ஆனால் பயணியின் பக்கத்திலும் வெளியிலும் ஒரு தடயம் இருக்கும், அதைத் தேடுங்கள். நிலாவெளியில் ஹோட்டல் வாசல் கமரா, பெற்றோல் ஷெட் பில், அந்த நேரத்தில் வந்த கோல் பட்டியல், கராஜ் பில், எதுவும் உதவும். கமராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும், ஆகவே அதை முதலில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, மகள் தன்னுடைய பயணிக் கணக்கிலிருந்தே முறைப்பாடு போட்டார். என் தகப்பனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சாரதியை ஏன் முடக்கினீர்கள், இவை உண்மையான பயணங்கள், காசு கட்டியவள் நான் என்று. சாரதியின் ஈமெயிலுக்குத் தானியங்கிப் பதில் அனுப்புகிற அதே நிறுவனத்திலிருந்து பயணிக்கு மனிதன் எழுதிய பதில் போனது. மனதுக்கு நோவாக இருந்தாலும் இதுதான் நிலைமை, சாதகமாகப் பேசக்கூடிய பயணி இருந்தால் அவரைக் கொண்டு எழுதவையுங்கள்.

திருகோணமலையில் போய்ப் பேச ஒரு மேசை இல்லை. இரவு ரயிலில் கொழும்புக் கோட்டைக்குப் போனேன், விடிய இறங்கி நிலையத்திலேயே முகம் கழுவிவிட்டு நேரே அலுவலகம். என்னைப் போல நிறையப் பேர், எல்லார் முகத்திலும் அதே களை. என்னோடு சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த சீனக்குடாத் தம்பி ஒருவரைக் கூட்டிப்போயிருந்தேன், அவருடைய அன்றைய உழைப்பும் போனது, அதை நான் மறக்கமாட்டேன். உங்களுக்குச் சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வராவிட்டால் தனியே போகாதீர்கள். விசயத்தை ஒரு பக்கத்தில் எழுதி, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பிரதி எடுத்துக் கொண்டுபோங்கள். பேசினால் அது காற்றோடு போகும், தாளைக் கொடுத்தால் அதை ஸ்கான் பண்ணிக் கோப்பில் ஏற்றுவார்கள்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதினேன் என்று பலர் கேட்டார்கள். மேலே பெயர், அடையாள அட்டை இலக்கம், வண்டி இலக்கம், பதிவு செய்த போன் இலக்கம், முறைப்பாட்டு இலக்கம். முதல் பந்தியில் இந்தத் திகதியில் இந்தக் காரணம் சொல்லி முடக்கினீர்கள், அது தவறு, கீழே ஆதாரம் இருக்கிறது. இரண்டாவது பந்தியில் மாஸ்டரின் விசயம், நாலு வரியில். மூன்றாவதில் நான் கேட்பவை: எந்த ஹயர்கள் சந்தேகத்துக்குரியவை என்று திகதியோடு சொல்ல வேண்டும், இந்தக் கோப்பை ஒரு மனிதர் பார்க்க வேண்டும், வாலட்டில் உள்ள காசை விசாரணை முடியும் வரை மறித்து வைக்காமல் இப்போதே தர வேண்டும். பின்னால் இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு. பிள்ளை குட்டி பசியில் கிடக்குது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கிண்ணியாவில் ஒரு நண்பர் முடக்கப்பட்டபோது எழுதிய ஈமெயில்களை நான் பார்த்திருக்கிறேன், எல்லாம் கண்ணீர், ஒன்றிலும் திகதி இல்லை, இலக்கம் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை, ஆனால் வாசிக்கிறவர் எதைத் தட்டிப் பார்த்துச் சரி என்று சொல்வது? கண்ணீரை வீட்டில் விடுங்கள், தாளில் திகதியை எழுதுங்கள்.

மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், மோசடி என்று சொல்லி நீக்கப்பட்ட ஊபர் சாரதிகளின் வழக்கில், அந்த முடிவுகளில் மனிதர் பார்த்தது வெறும் பெயருக்குத்தான் என்று சொல்லி, நீக்கியதன் காரணத்தைச் சாரதிகளுக்குக் கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது போன்ற செயலி வேலை செய்கிறவர்களை முடக்குவதற்கு 14 நாள் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. பக்கத்தில் கர்நாடகத்தில் 2025 இல் வந்த சட்டமும் எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவித்தலும் கேட்கிறது. நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், கணினி மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கிற உரிமை எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவது 2025 இல் தள்ளிப்போடப்பட்டது. ஆகவே அதை வைத்து வழக்குப் போடலாம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தில் அந்தச் சட்டத்தின் பெயரும் இலக்கமும் இருந்தால் வாசிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார், அவ்வளவு.

கவுன்டரில் இருந்த அலுவலர் என் மூன்று நிரல் தாளையும் கிளினிக் கொப்பிப் படத்தையும் பார்த்தார், கணினியில் எதையோ தட்டினார், பிறகுதான் ஒரே பயணி ஒரே சாரதி என்பதால் கணினி பிடித்திருக்கிறது என்று சொன்னார். இந்த ஒரு வசனத்துக்காக நான் அத்தனை நாள் காத்திருந்தேன். அடுத்த கிழமை கணக்குத் திறந்தது. உங்கள் கணக்கு மீண்டும் செயற்படுத்தப்பட்டுள்ளது என்று ஒரு வரி. மன்னிப்பு இல்லை, இழந்த நாட்களுக்கு ஒரு சதம் இல்லை. வாலட் காசு மட்டும் வந்தது. கணக்குப் பார்த்தால் சீசனின் நல்ல கிழமைகளில் ஒன்றரை இலட்சம் ரூபாயாவது போயிருக்கும், அடகு வட்டியும் கொழும்புச் செலவும் அதற்கு மேல்.

இந்த அலைச்சலில் முடக்கப்பட்ட வேறு சாரதிகளோடு பேசியதில் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவை முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை. அதிகமாக நடப்பது பத்திரம் காலாவதியாவது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இல்லாமல் வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்க முடியாது, ஆகவே ஒன்று பிந்தினால் எல்லாம் பிந்தும், கடைசி நாளில் போய்ப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்காமல் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். புதுப் பத்திரத்தைத் தெளிவாகப் படம் எடுத்து ஏற்றிவிட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற பக்கத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் கவனம், அந்தப் போனில் முன்பு முடக்கப்பட்ட ஒருவர் ஓடியிருந்தால் அந்தக் கறை உங்கள் மேலும் ஒட்டலாம். ஒரே போனில் இரண்டு பேர் கணக்கை மாற்றி மாற்றித் திறப்பதும் அப்படித்தான். இருக்கிற இடத்தை மாற்றிக் காட்டுகிற செயலிகளைப் போனில் வைத்திருக்கவே வேண்டாம். செல்ஃபி கேட்டால் நிழலுக்குள் நின்றோ வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்தோ எடுக்காதீர்கள், தாடி வளர்த்தாலோ மொட்டை அடித்தாலோ சுயவிபரப் படத்தை மாற்றக் கேளுங்கள். காசு ஹயர் ஓடி ஓடிக் கொமிஷன் கடன் ஏறினாலும் கணக்கு நிற்கும், ஆனால் அது கட்டினால் திறக்கிற பூட்டு, பயப்பட ஒன்றும் இல்லை.

பயணி முறைப்பாடுதான் சிக்கலானது. இங்கே ஒரு வழமை இருக்கிறது, ஹயர் விழுந்ததும் எங்கே போறீங்கள் என்று கேட்டு, தூரம் பிடிக்காவிட்டால் நீங்களே கான்சல் பண்ணுங்கோ என்பது. கான்சல் வீதமும் ஏறும், முறைப்பாடும் வரும், இரண்டும் சேர்ந்தால் கணக்குப் போகும். அதேபோல மூன்று பேருக்கு மேல் ஏறப் பார்த்தாலோ, குடித்துவிட்டுச் சண்டை பிடித்தாலோ, நடுவழியில் போகிற இடத்தை மாற்றினாலோ, ஹயர் முடிந்த கையோடு நீங்களே முதலில் செயலியில் எழுதிவிடுங்கள். இரண்டு வரி போதும். பயணி மறுநாள் வேறு கதை எழுதினாலும் உங்கள் குறிப்புக்கு அவருடையதைவிட முந்திய நேரம் இருக்கும். உப்புவெளியில் ஏறிய வெளிநாட்டுக்காரர் போர்க்கல்லறைத் தோட்டத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போவோம் என்றால், சரி, ஆனால் அந்த நிறுத்தத்தைச் செயலியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், கையில் மேலதிகக் காசு வாங்கினால் அவர் நல்லவராகவே இருந்தாலும் அதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. ஆரும் பொருள் விட்டுவிட்டுப் போனாலும் உடனே படம் எடுத்து அறிவியுங்கள்.

மாஸ்டரை இப்போதும் நான்தான் கூட்டிப்போகிறேன். அதற்கு முன் உதவிப் பகுதியில், இந்தப் பயணி நோயாளி, வாரத்தில் இத்தனை தரம் இந்தப் பாதையில் வருவார், என்று நானும் மகளும் தனித்தனியாக எழுதி, பார்த்தோம் என்ற பதிலையும் வாங்கி வைத்திருக்கிறோம். டயலிசிஸ் நோயாளி, பள்ளிக்கூடப் பிள்ளை, தினமும் ஒரே கந்தோருக்குப் போகிறவர் என்று நிரந்தரப் பயணி யாரும் இருந்தால் நீங்களும் இப்படி எழுதிவையுங்கள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கிழக்கில் ஒரு அலுவலகம், தமிழில் பேசுகிற ஒரு ஆள், முடக்க முன் ஒரு எச்சரிக்கை, இந்த மூன்றையும் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முடக்கப்பட்ட சாரதிகள், தங்களுக்கு வந்த மெசேஜின் படத்தையும் திகதியையும் எடுத்து வையுங்கள், கடிதத்தோடு சேர்த்துப் போட வேண்டும்.